தலையில் பட்ட அடியும் இரத்தத்தில் ஏறிய சர்க்கரையும்



சில ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளிக்கு மறுநாள் காலையில், தில்லியில் என்னோடு பணிபுரியும் நண்பர் ஒருவருடைய மகன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து, தலையில் பலத்த அடிபட்டு, நினைவிழந்த நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டான். பத்தொன்பது வயது இளைஞன். அதுவரை ஒரு நோயும் அறியாதவன். செய்தி கேட்டு நான் ஓடிச் சென்றபோது, மருத்துவர் வெளியே வந்து பெற்றோரிடம் நிலைமையை விளக்கிக்கொண்டிருந்தார். மண்டையோட்டினுள் வீக்கம் இருக்கிறது. நினைவு எப்போது திரும்பும் என்று இப்போது கூற இயலாது. இரத்தத்தில் சர்க்கரையும் 230-க்கு ஏறியிருக்கிறது. அதையும் கவனித்து வருகிறோம். இவ்வளவு கூறிவிட்டு அவர் உள்ளே சென்றுவிட்டார்.

அந்தக் கடைசிச் செய்திதான் தாயின் நெஞ்சில் தைத்தது. அவர் என்னைத் தனியே அழைத்து, "அண்ணா, எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் சர்க்கரை வியாதி கிடையாது. காலையில் வேண்டாம் வேண்டாம் என்றவன் வாயில் நான்தான் இரண்டு லட்டை ஊட்டி அனுப்பினேன். அதனால்தானோ?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. இலக்கியம் படித்துவிட்டு, அரசாங்கக் காகிதங்களைத் தமிழாக்குவதைத் தொழிலாகக் கொண்டவன் நான். ஏதோ ஆறுதல் சொன்னேன். அவருடைய கேள்விக்கு அது விடையாகாது என்பதை இருவருமே அறிந்திருந்தோம்.

பின்னர் விடை தேடிப் படிக்கலானேன். அக்கேள்விக்குப் பின்னால் ஏறத்தாழ 175 ஆண்டுக்கால ஆராய்ச்சி ஒன்று நீண்டு கிடப்பதைக் கண்டேன். அதனையே இன்று தங்கள் முன் வைக்கிறேன்.

சர்க்கரை எங்கிருந்து வருகிறது?

நீரிழிவு நம் நாட்டுக்குப் புதிய நோயன்று. சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய வைத்திய நூல்கள் அதனை மதுமேகம் என்றே குறித்தன. ஐரோப்பாவில் 1674-ஆம் ஆண்டில் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், அந்நோயாளியின் சிறுநீர் இனிப்பதை எழுதிவைத்தார். 1776-இல் லிவர்பூல் நகரத்து மாத்யூ டாப்சன் அச்சிறுநீரைக் காய்ச்சி வற்றச் செய்து, எஞ்சிய வெண்பொருள் சர்க்கரையே என்று காட்டினார். நோயாளியின் இரத்த நீரும் இனிக்கிறது என்பதையும் கண்டார்.

ஆனால் அந்தச் சர்க்கரையின் பிறப்பிடம் எது? உண்ட உணவேதான் என்று அறிஞர் பலரும் கருதினர். சர்க்கரையை ஆக்குவது தாவரங்களுக்கே உரிய தொழில்; விலங்கு அதனை உண்டு செலவிட மட்டுமே வல்லது என்பது அக்காலத்துக் கொள்கை. இரண்டு லட்டை எண்ணிக் கலங்கிய அந்தத் தாயும், தாம் அறியாமலே, அதே கொள்கையின் வழியில் நின்றுதான் கலங்கினார்.

அக்கொள்கையைத் தகர்த்தவர் பிரான்ஸ் தேசத்துக் கிளாட் பெர்னார். 1813-இல் திராட்சைத் தோட்டத்தில் உழைத்த எளிய குடும்பத்தில் பிறந்தவர். லியோன் நகரில் மருந்துக்கடை ஒன்றில் பயிற்சியாளராக இருந்துகொண்டே நாடகம் எழுதி, அதனை எடுத்துக்கொண்டு பாரிசுக்குச் சென்றார். அங்கே அதனைப் படித்த இலக்கியத் திறனாய்வாளர் ஒருவர், முதலில் மருத்துவம் படிக்குமாறு அறிவுறுத்தினார். அந்த அறிவுரையால் நாடக உலகம் இழந்தது எவ்வளவோ தெரியாது. மருத்துவ உலகம் பெற்றது மிகப் பெரிது.

1848-இல் பெர்னார், இறைச்சி மட்டுமே உண்ட நாயின் கல்லீரலிலிருந்து வெளியேறும் இரத்தத்தைச் சோதித்தார். சர்க்கரையே இல்லாத உணவை உண்ட பிராணியின் இரத்தத்தில் சர்க்கரை இருந்தது. ஆகவே கல்லீரலே அதனை ஆக்குகிறது என்று துணிந்தார். 1855-இல், உடலிலிருந்து நீக்கிய கல்லீரலினூடே நீரைப் பாய்ச்சிச் சர்க்கரை முழுவதையும் கழுவிவிட்டு, மறுநாள் பார்த்தார். அதில் மீண்டும் சர்க்கரை தோன்றியிருந்தது. 1857-இல் அதன் மூலப்பொருளாகிய கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்தார். நெல்லைக் குதிரில் சேர்த்துவைத்து வேண்டும்போது எடுத்துக் குத்தும் குடும்பத்தைப் போல, கல்லீரல் சர்க்கரையைக் கிளைக்கோஜனாகச் சேமித்து, உடல் கேட்கும்போது மீண்டும் சர்க்கரையாக்கி இரத்தத்தில் விடுகிறது.

ஊசி முனையில் ஓர் உண்மை

குதிரின் கதவைத் திறப்பது யார் என்பது அடுத்த கேள்வி. 1849-இல் பெர்னார் ஒரு முயலின் தலையில், பின்புறமாக, மெல்லிய கருவி ஒன்றைச் செலுத்தினார். மூளையின் அடிப்பகுதியில், முகுளத்தின்மேல் அமைந்த நான்காவது அறையின் தளத்தில், ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டுக் குத்தினார். சிறிது நேரத்திற்கெல்லாம் அம்முயலின் சிறுநீரில் சர்க்கரை மிகுதியாகக் காணப்பட்டது. அந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை, தானே மறைந்தது. நீரிழிவுக் குத்து என்ற பெயரால் இச்சோதனை மருத்துவ உலகெங்கும் புகழ்பெற்றது.

இதில் நாம் மனத்திற் கொள்ளவேண்டியவை இரண்டு. முதலாவது, முயல் உண்டதில் எவ்வித மாற்றமும் இல்லை. மூளையில் பட்ட காயம் ஒன்றே சர்க்கரையை ஏற்றியது. இரண்டாவது, நெடிது பட்டினி கிடந்து கல்லீரலின் சேமிப்பை இழந்த பிராணியில் இக்குத்து பயன் தருவதில்லை. ஆகவே ஏறிய சர்க்கரை உணவுக்குழலிலிருந்து வந்ததன்று. கல்லீரலின் குதிரிலிருந்து வந்தது.

மூளையின் கட்டளை எந்த வழியாகக் கல்லீரலை எட்டுகிறது? வேகஸ் என்னும் நரம்பின் வழியாக என்றே பெர்னார் முதலில் எண்ணினார். அந்த நரம்பை வெட்டிவிட்டுக் குத்திப் பார்த்தார்; சர்க்கரை முன்போலவே ஏறியது. தம் கருத்து பிழையென்று ஒப்புக்கொண்டு, தண்டுவடத்தின் வழியாக இறங்கி வயிற்றறைக்குச் செல்லும் நரம்புகளில் அவ்வழியைத் தேடினார். தாம் எதிர்பார்த்ததைச் சோதனை மறுத்தபோது சோதனையையே நம்பிய அந்த நேர்மையை நான் இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. இவ்வரலாற்றின் பிற்பகுதியில் அது மீண்டும் தேவைப்படும். பெர்னார் 1878-இல் காலமானபோது பிரெஞ்சு அரசாங்கம் அரசு மரியாதையுடன் அவரை அடக்கம் செய்தது. அந்நாட்டில் விஞ்ஞானி ஒருவருக்கு அத்தகைய சிறப்புக் கிடைத்தது அதுவே முதல் தடவை.

ஆடாத ஆட்டக்காரர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வழியின் மற்றொரு பகுதி தெளிவாயிற்று. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் சாரமாகிய அட்ரினலின் 1901-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்ட்டர் கேனன், அச்சமும் சினமும் எழும்போது இப்பொருள் இரத்தத்தில் பெருகிக் கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளிக்கொணர்கிறது என்று காட்டினார்.

1913-இல், பருவத்தின் கடைசியும் மிகப் பரபரப்பானதுமான கால்பந்துப் பந்தயம் முடிந்தவுடன், ஹார்வர்ட் அணியினர் 25 பேரின் சிறுநீர் சோதிக்கப்பட்டது. 12 பேரிடம் சர்க்கரை காணப்பட்டது. அவர்களுள் 5 பேர் களத்தில் இறங்கவே இல்லை. அழைப்பு வருமோ என்று ஓரத்தில் காத்திருந்த மாற்று ஆட்டக்காரர்கள். நெஞ்சின் பதைப்பு ஒன்றே அவர்களுடைய சர்க்கரையை ஏற்றிவிட்டது.

ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ தசைகளுக்கு எரிபொருள் வேண்டும் என்பதற்காக இயற்கை செய்துவைத்த ஏற்பாடு இது. 1942-இல் கிளாஸ்கோ நகரின் டேவிட் கத்பர்ட்சன், பலத்த காயம் பட்ட உடலில் முதலில் எல்லாம் ஒடுங்கும் ஒரு கட்டமும், பின்னர் உடல் தன் சேமிப்புகளைக் கரைத்துச் செலவிடும் ஒரு கட்டமும் உண்டு என்று விளக்கினார். காயம் பட்ட உடல், போர்க்காலத்து அரசாங்கத்தைப் போல, கிடங்குகளைத் திறந்துவிடுகிறது. அட்ரினலினோடு கார்ட்டிசோல் முதலிய வேறு சுரப்புநீர்களும் சேர்ந்து சர்க்கரையை உயர்த்துகின்றன. அதே வேளையில் இன்சுலினின் ஆணைக்கு உடல் முழுவதும் பணிவதுமில்லை.

தலைக்காயத்தில் இந்த ஏற்பாடு ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. மூளை, உடல் எடையில் சுமார் நூற்றுக்கு 2 பங்கே. ஆயினும் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நூற்றுக்கு 20 பங்கை அதுவே உட்கொள்கிறது. அதற்கெனப் பெரிய சேமிப்பு இல்லை. இரத்தம் கொண்டுவரும் சர்க்கரையை நம்பியே நாளெல்லாம் வாழ்கிறது. ஆகவே சர்க்கரை குறைந்தால் மூளை தவிக்கும். ஆனால் மிகுந்தால்? 1977-இல் ரொனால்ட் மையர்ஸ் குரங்குகளில் செய்த சோதனைகள் இதற்கு ஒரு விடை தந்தன. இதயத் துடிப்பைச் சிறிது நேரம் நிறுத்தி மீண்டும் இயக்கியபோது, முன்னதாகச் சர்க்கரை ஏற்றப்பட்ட குரங்குகளின் மூளை, பட்டினி கிடந்த குரங்குகளின் மூளையைவிட மிகுதியாகச் சிதைந்தது. பிராணவாயு போதாதபோது சர்க்கரை முழுமையாக எரியாமல் லாக்டிக் அமிலமாக மாறித் திசுக்களைக் கெடுக்கிறது என்று இதனை விளக்கினர்.

தொடர்பும் காரணமும்

இதற்கிடையில், நினைவிழந்த நோயாளியின் நிலையை அளக்க ஒரு பொது அளவுகோலும் கிடைத்தது. 1974-இல் கிளாஸ்கோவின் கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் ஆகிய இருவரும், கண் திறத்தல், பேச்சு, கைகால் அசைவு என்ற மூன்றையும் கொண்டு கணிக்கும் முறையை வெளியிட்டனர். இதனால் ஓர் ஊர் நோயாளியை மற்றோர் ஊர் நோயாளியோடு ஒப்பிட முடிந்தது. 1991-இல் அமெரிக்காவில் தலைக்காயம் பட்ட 169 பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, காயம் கடுமையாக இருந்தவர்களுக்குச் சர்க்கரையும் மிகுதியாக இருந்தது. கடுமையாகக் காயமுற்றவர்களுள், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் சர்க்கரை ஏறியவர்கள் தேறுவது அரிதாக இருந்தது.

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். சர்க்கரை மிகுந்ததால் அவர்கள் தேறவில்லையா? காயம் மிகக் கொடியதாக இருந்ததால் சர்க்கரையும் மிகுந்ததா? என் தொழிலில் நாள்தோறும் காணும் ஓர் இடர் இது. ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படுவது வேறு. ஒன்றால் மற்றொன்று விளைவது வேறு. மொழிபெயர்ப்பவன் இரண்டையும் 'அதனால்' என்ற ஒரே சொல்லில் கரைத்துவிட்டால், வாசகம் சரளமாக இருக்கும், பொருள் பொய்யாகிவிடும். வீடு தீப்பற்றிய தெருவில் மணியடிக்கும் வண்டியைக் கண்டு, மணியை நிறுத்தினால் தீ அணையும் என்று எவரும் எண்ணுவதில்லை.

ஆயினும், மையர்ஸின் சோதனைகளை அறிந்த மருத்துவர்கள், சர்க்கரையைக் குறைத்துப் பார்ப்பதே முறை என்று கருதியதில் தவறில்லை. 1921-இல் டொரான்டோவில் பான்டிங், பெஸ்ட் முதலியோர் முயற்சியால் கிடைத்த இன்சுலின் கையில் இருந்தது. 2001-இல் பெல்ஜியம் நாட்டு லூவன் நகரில், கிரேட்டா வான் டென் பெர்க் என்ற மருத்துவ அம்மையாரும் அவர் குழுவினரும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 1548 அறுவை நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினரின் சர்க்கரையை இன்சுலின் கொண்டு 80-க்கும் 110-க்கும் இடையில் இறுக்கிப் பிடித்தனர். தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்தோர் விகிதம் நூற்றுக்கு 8.0 என்பதிலிருந்து 4.6 ஆகக் குறைந்தது. உலகெங்கும் மருத்துவமனைகள் இம்முறையை மேற்கொள்ளத் தொடங்கின. தலைக்காய நோயாளிகளுக்கும் அது பரவியது.

அளவு என்ற பாடம்

இந்நிலையில் மூளையே தன் கருத்தைக் கூறத் தொடங்கியது என்று சொல்லலாம். மயிரிழை போன்ற மெல்லிய குழாயை மூளைத் திசுவில் வைத்து, அங்குள்ள நீரின் சர்க்கரையை மணிக்கு மணி அளக்கும் முறை அதற்குள் வந்திருந்தது. 2006-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பால் வெஸ்பாவும் அவர் குழுவினரும், தலைக்காய நோயாளிகளின் இரத்தச் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தபோது மூளைத் திசுவில் சர்க்கரை குறைந்து, மூளை தவிப்பதன் அறிகுறிகள் மிகுவதைக் கண்டனர். இரத்தத்தில் போதுமானது என்று தோன்றிய அளவு, காயம் பட்ட மூளைக்குப் போதாததாக இருந்தது. அடிபட்ட மூளையின் சில பகுதிகள் முதல் நாட்களில் வழக்கத்துக்கு மேல் சர்க்கரையை எரிப்பதும் முன்பே அறியப்பட்டிருந்தது.

2009-இல் ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்த 42 மருத்துவமனைகளில், 6104 நோயாளிகளைக் கொண்டு நடந்த பெருஞ்சோதனையின் முடிவு வெளியாயிற்று. சர்க்கரையை 81-க்கும் 108-க்கும் இடையில் இறுக்கிப் பிடித்த பிரிவில் 90 நாட்களுக்குள் நூற்றுக்கு 27.5 பேர் இறந்தனர். 180 வரை விட்டுவைத்த பிரிவில் 24.9 பேரே இறந்தனர். சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்தோர் முதற்பிரிவில் நூற்றுக்கு 6.8, மற்றதில் 0.5. எட்டாண்டுகள் உலகம் நல்லது என்று நம்பிச் செய்தது, நல்லதன்று என்று தெரிந்தது. இச்சோதனையில் பங்குபெற்ற தலைக்காய நோயாளிகள் 391 பேரின் நிலை தனியே ஆராயப்பட்டு 2015-இல் வெளியானது. இறுக்கிப் பிடித்ததால் அவர்கள் மிகுதியாகத் தேறவில்லை. சர்க்கரை தாழ்ந்துபோகும் இடர் மட்டும் பன்மடங்கு மிகுந்தது.

அப்படியானால் 2001-இல் லூவனில் கண்டது பொய்யா? அன்று. அங்கே நோயாளிகளுக்குத் தொடக்கத்திலேயே நாளத்தின் வழியாகச் சர்க்கரைச் சத்து ஏராளமாகச் செலுத்தப்பட்டு வந்தது. அந்தச் சூழலில் இன்சுலின் நன்மை செய்தது என்பது பின்னாளில் கூறப்பட்ட விளக்கம். அதே லூவன் குழுவினரே, அவ்வுணவை முதல் நாட்களில் நிறுத்திவைத்து, 9230 நோயாளிகளைக் கொண்டு மறுபடியும் சோதித்து, 2023-இல் முடிவை வெளியிட்டனர். இறுக்கிப் பிடித்ததனால் தீவிர சிகிச்சை நாட்களும் குறையவில்லை, இறப்பும் குறையவில்லை. தம் புகழுக்குக் காரணமான முடிவைத் தாமே மீண்டும் உரைத்துப் பார்த்த அவர்களிடம், வேகஸ் நரம்பை வெட்டிப் பார்த்த பெர்னாரின் நேர்மையையே நான் காண்கிறேன்.

ஆகவே மருத்துவம் இன்று நடுவழி ஒன்றில் நிற்கிறது. 180-ஐத் தாண்டினால் இன்சுலின் தொடங்குவது. பெரும்பாலும் 140-க்கும் 180-க்கும் இடையில் வைத்திருப்பது. தாழ்ந்துவிடாமல் அடிக்கடி அளப்பது. இதுவே தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பரவலாகக் கொள்ளப்படும் முறை. இந்த எண்களைக் கொண்டு வீட்டில் எவரும் தாமாக ஒன்றும் செய்யலாகாது என்பதையும், நோயாளிக்கு நோயாளி அளவு வேறுபடும் என்பதையும் நேயர்கள் மறக்கவேண்டாம். அடிபட்டவருக்கு முன்பே நீரிழிவு மறைந்திருந்ததா என்பதை அறியவும் வழி உண்டு. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையைக் காட்டும் ஹெச்பிஏ1சி என்னும் இரத்தச் சோதனை அதனைப் பெரும்பாலும் தெளிவாக்கிவிடும்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். அவருடைய மகனுக்கு அச்சோதனை செய்யப்பட்டது. நீரிழிவு இல்லை என்று தெரிந்தது. நான்காம் நாள் சர்க்கரை தானே இறங்கியது. ஆனால் அவன் கண் திறந்தது பதினோராம் நாள்தான். எண் சரியானவுடன் பிள்ளையும் எழுந்துவிடுவான் என்று காத்திருந்த பெற்றோருக்கு இடைப்பட்ட அந்த ஒரு வாரம் மிகக் கொடியதாக இருந்தது. நடக்கவும் பேசவும் பல மாதப் பயிற்சி வேண்டியிருந்தது. இன்று அவன் வேலைக்குச் செல்கிறான். களைப்புற்ற வேளைகளில் மட்டும் ஒரு சொல்லைத் தேடிச் சற்றே நின்றுவிடுகிறான்.

நான் படித்ததையெல்லாம் ஒருநாள் அவர்கள் வீட்டுக்குச் சென்று எடுத்துச் சொன்னேன். முயலின் கதையையும், களத்தில் இறங்காமலே சர்க்கரை ஏறிய ஆட்டக்காரர்களின் கதையையும் கேட்டு அந்த அம்மையார் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படியானால் அன்றைக்கு அந்த வராந்தாவில் எனக்கும் ஏறியிருக்கும், இல்லையா அண்ணா?" என்று கேட்டார். ஏறியிருக்கக்கூடும் அம்மா என்றேன். அடுத்த தீபாவளிக்கு அவர் லட்டுப் பிடித்ததாகவும், தானே கேட்டு வாங்கி உண்டதாகவும் அவர் மகன் என்னிடம் சொன்னான்.